நாவலுக்கான விடுப்பை எப்போது எடுப்பது?

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டா மாவட்டம் ஒன்றில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறீர்கள். வயது 41. கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், மகள் ஏழாம் வகுப்பு. முழங்கால் வலியால் அதிகம் நடமாட முடியாத மாமியாரும் உங்களோடு இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவலைத் தொடங்கினீர்கள். 1960களில் ஒரு சிறு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த பெண்ணின் கதை அது. 14 அத்தியாயங்கள், ஏறத்தாழ 40,000 சொற்கள் எழுதிய பிறகு எட்டு மாதங்களாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு எடுத்து எழுதி முடித்துவிடலாமா, குடும்பத்துக்குச் சேர வேண்டிய நேரத்தை இதற்குச் செலவிடுவது சுயநலமா, தினமும் எழுத முடியாத ஒருவர் நாவல் எழுத ஆசைப்படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நாவல்களின் கைப்பிரதிகளைப் படிப்பதும் செப்பனிடுவதும் பதிப்பாசிரியராகிய என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தைக் கொண்டு, விடுப்பைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன்: இப்போது எடுக்காதீர்கள். உங்கள் நாவலுக்கு விடுப்பு தேவைப்படும் ஒரு கட்டம் வரத்தான் போகிறது, ஆனால் அது இதுவல்ல. அதற்கான காரணங்களில் பணமும் ஒன்று என்பதால் அதை முதலில் பேசிவிடுவோம். தமிழில் ராயல்டி என்பது வழக்கமாகப் புத்தக விலையில் 10 சதவீதம். 400 ரூபாய் விலையுள்ள நாவல் 300 பிரதிகள் விற்றால் எழுதியவருக்குக் கிடைப்பது 12,000 ரூபாய். அறிமுக எழுத்தாளர் ஒருவரின் முதல் நாவலுக்கு அந்த விற்பனையே மனநிறைவு தரக்கூடியது. ஓராண்டுச் சம்பளத்தை இழந்து, பணி மூப்பும் ஊதிய உயர்வும் பாதிக்கப்படும் வாய்ப்பையும் ஏற்றுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்தால், எழுதும் ஒவ்வொரு பக்கமும் அந்த இழப்புக்கு ஈடு சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் யாரும் கணக்குக் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். அந்த நெருக்கடியில் எழுதப்படும் அத்தியாயங்கள் எப்படி இருக்கும் என்பதை நான் கைப்பிரதிகளில் பார்த்திருக்கிறேன்: பாத்திரங்கள் அவசரப்படுவார்கள், நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், முடிவு நாற்பது பக்கம் முன்னதாகவே வந்துவிடும்.

மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது. நாவல் நின்றுபோவது மணிநேரங்கள் போதாமையால் நிகழ்வது அரிது. தொடர்ச்சி அறுந்துபோவதால்தான் பெரும்பாலும் நிற்கிறது. சிறுகதையை ஒரே மனநிலையில் எழுதி முடித்துவிட முடியும். நாவலை அப்படி எழுத முடியாது. ஆண்டுக்கணக்கில், காய்ச்சலிலும் கல்யாண வேலையிலும் கணக்கு முடிக்கும் மாதத்திலும் அது கூடவே இருக்க வேண்டும். ஒரு பாத்திரம் எந்தக் குரலில் பேசினாள், எந்தச் சொல்லைத் தவிர்த்தாள், முந்தைய காட்சியில் வாசலில் யார் நின்றிருந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் மனத்தில் உயிரோடு இருக்கும் வரையில் அரை மணி நேரம் கிடைத்தாலும் எழுத முடியும். அவை மறந்துபோனபின் முழு நாள் கிடைத்தாலும் பழைய பக்கங்களைப் புரட்டுவதிலேயே பொழுது போய்விடும். நாற்றங்காலுக்கு அன்றாடம் சிறிது தண்ணீர் காட்டுவதற்கும், காயவிட்டு ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தேட வேண்டியது ஓராண்டை அல்ல, அன்றாடம் கைக்கு எட்டும் ஒரு சிறு நேரத்தை. அது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. காலை 4:45 மணிக்கு எழுந்து மூவருக்கு மதியச் சாப்பாடு கட்டுகிறீர்கள் என்பதால் விடியற்காலை உங்களுக்கு இல்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் பேனாவைப் பிடித்தால் கண் சொக்குகிறது என்கிறீர்கள், அதுவும் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு என் பதில், தயவுசெய்து வேண்டாம் என்பதே. தூக்கத்தைக் குறைத்து எழுதப்படும் நாவல், சில மாதங்களில் உடம்பையும் கெடுத்துத் தானும் நின்றுவிடும். ஆனால் வேறொரு இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரே பேருந்து என்பதால் 9:15 மணிக்கே சங்கத்துக்கு வந்துவிடுவதாகவும், சாவி உங்களிடம் இருப்பதால் நீங்களே திறந்து உட்கார்ந்திருப்பதாகவும், மற்றவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள் என்றும். அந்த முக்கால் மணி நேரத்தில் வீட்டார் உங்களைக் கூப்பிடுவதில்லை, உறுப்பினர்கள் இன்னும் வரவில்லை, வேலை நேரமும் தொடங்கவில்லை. உங்கள் நாளில் யாருக்கும் உரிமையில்லாத ஒரே பகுதி அதுதான். இதுவரை அந்த நேரத்தை முந்தைய நாள் பதிவேடுகளைச் சரிபார்க்கச் செலவிட்டு வந்திருக்கிறீர்கள். சம்பளம் இல்லாத அந்த வேலையை இனி பத்து மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. உங்களுடைய நோட்டில், உங்களுடைய பேனாவால் எழுதுங்கள். சங்கத்துக் கணினியில் ஒரு பத்திகூடத் தட்டச்சு செய்து வைக்க வேண்டாம். தணிக்கைக்கு வருபவர் கண்ணில் பட்டு அது ஒரு பேச்சாகிவிட்டால், அந்த நேரமே உங்களுக்கு இல்லாமல் போய்விடும். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்துவிடுங்கள். நோட்டு தொலைந்ததாலும் மழையில் நனைந்ததாலும் கைவிடப்பட்ட நாவல்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முக்கால் மணி நேரத்தில் 200 சொற்கள் எழுத முடியும். நீள நோட்டில் ஒரு பக்கம், சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1,000 சொற்கள். ஆண்டில் பல வாரங்களை விட்டுவிட்டு 40 வாரம் மட்டுமே எழுதினாலும் 40,000 சொற்கள் சேர்ந்துவிடும். ஏற்கெனவே உள்ள 40,000 சொற்களோடு அது ஒரு முழு நாவல். விடுப்பு எடுத்து ஓராண்டில் நீங்கள் முடிக்க நினைத்ததும் இவ்வளவுதானே. எழுதி முடித்து எழுந்திருக்கும்போது, அடுத்து வர வேண்டியது என்ன என்பதை இரண்டே வரியில் நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். மறுநாள் பேருந்தில் நிற்க வேண்டி வந்தாலும் அந்த இரண்டு வரியை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தால், நாற்காலியில் உட்காரும்போது முதல் வாக்கியம் தயாராக இருக்கும்.

தினமும் எழுத முடியாதவர் நாவல் எழுதலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதலாம். தினமும் எழுதுவது நல்ல பழக்கம். அது தகுதித் தேர்வு அல்ல. உங்கள் வேலைக்கு ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்குக் கடன் மனுக்கள் குவியத் தொடங்கும், அடுத்துச் சம்பா, உரம் வந்திறங்கும் நாள்கள், நகைக்கடன் கூட்டம், பிறகு மார்ச் 31-க்குக் கணக்கு முடிப்பது. இவற்றோடு வரும் ஆண்டில் மகனின் பொதுத்தேர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த வாரங்களில் புதிதாக எழுத வேண்டும் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டியே நாள்காட்டியில் அவற்றை ‘எழுதாத வாரங்கள்’ என்று குறித்துவிடுங்கள். அவ்வாரங்களில் செய்ய வேண்டியது ஒன்றே: ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, கடைசியாக எழுதிய இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படிப்பது. தொடர்பு அறாமல் இருக்க அதுவே போதுமானது. திட்டமிட்டு நிறுத்தியவருக்கு மீண்டும் தொடங்குவது எளிது. குற்ற உணர்ச்சியோடு நிறுத்தியவர்தான் நோட்டைத் திறக்கவே அஞ்சுவார்.

இடைவெளி விழுந்ததால் நாவல் செத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் சில அத்தியாயங்கள் ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வந்தன. இதழ் நின்றபோது அதுவும் நின்றது. பின்னர் எழுதி முடிக்கப்பட்டு 1966-இல்தான் நூலாயிற்று. உங்கள் துறையையே எடுத்துக்கொண்டால், கூட்டுறவுத் துறையில் அதிகாரியாகப் பணிபுரிந்த பூமணி அந்த வேலையில் இருந்துகொண்டுதான் 1979-இல் ‘பிறகு’ நாவலையும் 1982-இல் ‘வெக்கை’யையும் வெளியிட்டார், பெரிய அளவில் எழுதப்பட்ட ‘அஞ்ஞாடி’ 2012-இல் வந்தது. கடன் மனுவும் வசூல் பட்டியலும் நாவலுக்குப் பகை அல்ல என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இத்தகைய சான்றுகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது. வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆண்களைப் பற்றிப் பேசும்போது, பொதுவாக அத்தகைய வீடுகளில் அடுப்பைப் பற்றவைத்தது யார், பெரியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது யார் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் எழுதுவதில்லை. அலுவலகம் ஒரு வேலை, வீடு இன்னொரு வேலை, நாவல் மூன்றாவது வேலை என்ற நிலையில் இருக்கும் உங்களிடம் ‘அவரால் முடிந்தது, உங்களால் முடியாதா’ என்று கேட்பது சரியல்ல. எனவே உங்கள் கணவரைப் பற்றி எழுதியிருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் தடை சொல்வதில்லை. “எழுதணும்னா எழுது, யாரு வேணாம்னா?” என்கிறார். இதைச் சொல்பவர் நல்ல மனிதர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தால் வீட்டில் ஒரு வேலையும் குறைவதில்லை. நீங்கள் அவரிடம் அனுமதி கேட்பதை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட ஒரு வேலையைக் கேளுங்கள். ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை வீட்டில் நீங்கள் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் அம்மாவுக்குக் காப்பியும் மாத்திரையும் அவர் தர வேண்டும், மகளின் வீட்டுப்பாடத்தை மகன் பார்க்க வேண்டும் என்று நாளும் மணியும் குறித்துப் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் காப்பிப்பொடி எங்கே இருக்கிறது என்று கதவைத் தட்டுவார்கள். எழுந்து போகாமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள். அந்த ஞாயிறு நேரம் புதிதாக எழுதுவதற்கு அல்ல; வாரம் முழுவதும் எழுதியதைப் படித்துப் பார்க்கவும் கைபேசியில் தட்டச்சு செய்யவும்தான். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. வட்டார வழக்கை அது அடிக்கடி தவறாகப் பதியும், திருத்த வேண்டியிருக்கும். இருந்தாலும் கை வலியில் பாதி குறையும். எப்படியும் பதிப்பகங்கள் இன்று யுனிகோடில் தட்டச்சு செய்த படியைத்தான் கேட்கின்றன.

சுயநலமா என்ற கேள்விக்கு என் விடை, இல்லை என்பது. உங்கள் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சேர வேண்டிய எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை தொடங்குவதற்கு முந்தைய முக்கால் மணி நேரமும் வாரத்தில் இரண்டு மணி நேரமும்தான் இங்கே பேசப்படுவது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நாவலில் ஆழ்ந்திருக்கும்போது, எதிரில் பேசுபவர்களின் சொற்கள் காதில் விழாமல் போகும். மகள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பதினைந்தாம் அத்தியாயத்தில் இருப்பீர்கள். நேரத்தைப் பகிர்ந்துகொள்வதைவிட இதைச் சமாளிப்பதுதான் கடினம். வீட்டுக்குள் நுழையும்போது மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை வாசலிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பைக்குள் வைத்துவிடும் வழக்கம் பலருக்கு உதவியிருக்கிறது. தாளில் ஏறியதை மனம் சுமக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் எழுத்து முறையைப் பற்றி. முதல் அத்தியாயத்தை ஏழு முறை திருத்தி எழுதியதாகச் சொல்கிறீர்கள். இனி நாவல் முடியும் வரை அதைத் தொடாதீர்கள். என் மேசைக்கு வரும் முதல் நாவல்களில் பெரும்பாலானவை உண்மையில் இரண்டாவது அல்லது மூன்றாவது அத்தியாயத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் இருப்பது, எழுதுபவர் தன் நாவலை அடையாளம் கண்டுகொள்வதற்காக எழுதிக்கொண்டது. கடைசி அத்தியாயத்தை எழுதிய பிறகே முதல் அத்தியாயம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியவரும். அதுபோலவே, தகவலைச் சரிபார்க்கும் வேலையை எழுதும் நேரத்துக்குள் விடாதீர்கள். ஆடுதுறை 27 நெல் உங்கள் வட்டாரத்து வயல்களுக்கு எந்த ஆண்டு வந்தது என்று தேடுவதில் மூன்று வாரம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது 1960களின் நடுப்பகுதியில் தஞ்சைப் பகுதியில் பரவியது என்பது ஒரு காட்சியை எழுதப் போதுமான தகவல். ‘சரிபார்க்க’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு மேலே போயிருக்கலாம். 1952-இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஐம்பது பக்கக் குறிப்புகளும் அப்படித்தான். உங்கள் கதாநாயகி அந்தச் சட்டத்தைப் படித்தவள் அல்லள். அதன் பிறகு களத்தில் நெல் அளக்கும்போது யாருடைய குரல் உயர்ந்தது, யாருடைய குரல் தாழ்ந்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவள். நாவலுக்கு வேண்டியது அந்தக் குரல்தான்.

சங்கத்துப் பழைய பேரேடுகளைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அக்காலத்தில் கடனில் எவ்வளவு ரொக்கமாகவும் எவ்வளவு உரமாகவும் கொடுக்கப்பட்டது, என்ன பயிருக்கு என்ன தொகை என்பன போன்ற பொது விவரங்கள் உங்கள் நாவலுக்கு உயிரூட்டும். செயலாளரிடம் சொல்லி, அனுமதி பெற்றுப் பாருங்கள். ஆனால் ஓர் உறுப்பினரின் பெயர், அவர் வைத்த நகை, தவணை தவறிய விவரம் எதுவும், அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், நாவலுக்குள் அடையாளம் தெரியும்படி வரக் கூடாது. அவருடைய பேரன் நாளை உங்கள் முன் மனுவோடு நிற்பவராக இருக்கலாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேல், இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கதாநாயகியின் வாழ்க்கை பெருமளவுக்கு உங்கள் மாமியாருடையது. பதினைந்தாம் அத்தியாயத்தில் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த இடம் வந்ததிலிருந்து எழுத முடியவில்லை. அவள் அப்படிப் போவதன் காரணத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அதை நான் இங்கே எழுதவில்லை. விடுப்பு, பேருந்து, சமையல் என்று நான்கு பக்கங்களுக்கு நீங்கள் எழுதிய அனைத்தும் உண்மைதான். ஆயினும் முந்தைய இரண்டரை ஆண்டுகளும் இதே பேருந்தும் இதே சமையலும் இருந்தபோதுதானே 14 அத்தியாயங்களை எழுதினீர்கள்? எட்டு மாதங்களாக நாவலை நிறுத்தி வைத்திருப்பது நேரம் அல்ல, இந்த இரண்டு வரிதான் என்று நான் நினைக்கிறேன். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நாவல் தன் உண்மையான இடத்தை அடைந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஓராண்டு விடுப்பு எடுத்திருந்தால், அந்த ஓராண்டும் இதே வாசலில்தான் நின்றிருப்பீர்கள். அதற்கு மேல், சம்பளமும் இல்லாமல்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடும் இரவுகளில் மாமியார் உங்களிடம் சொன்னவை அவை. உங்களை நம்பிச் சொன்னார். ஆகவே உங்களுக்கு இருப்பது வெறும் அச்சம் அல்ல, பொறுப்புணர்வும்கூட. அதை நான் மதிக்கிறேன். இங்கே இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருக்கின்றன: அந்த அத்தியாயத்தை எழுதுவதா என்பது ஒன்று, வெளியிடுவதா என்பது மற்றொன்று. முதல் முடிவை மட்டும் இப்போது எடுங்கள். எழுதுங்கள், நோட்டைப் பையை விட்டு வெளியே வைக்காதீர்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்ற உறுதியோடு எழுதினால்தான் அந்தப் பெண் ஏன் அந்த வீட்டுப் படியைவிட்டு இறங்கினாள் என்பது உங்களுக்கே தெரியவரும். மாமியார் சொன்ன காரணம் ஒன்று இருக்கலாம். உங்கள் கதாநாயகிக்கு வேறு காரணம் தோன்றலாம். அப்படித் தோன்றும் நிமிடத்திலிருந்து அவள் உங்கள் மாமியாராக இருக்க மாட்டாள். நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே எழுதுவதைவிட இதுவே பெரும்பாலும் நாவலுக்கும் நல்லது. ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, உறவுமுறை ஆகியவற்றைத் திருத்தி எழுதும் இரண்டாம் படியில் மாற்றிக்கொள்ளலாம். முதல் படியில் மாற்றத் தொடங்கினால் குரல் பொய்யாகிவிடும்.

இரண்டாவது முடிவை எடுக்க வேண்டிய நேரம் வரும்போது, அதை நீங்கள் தனியாக எடுக்கக் கூடாது. அவரிடம் சொல்ல வேண்டும். முழு நாவலையும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. அவர் சொன்ன எது எது உள்ளே வந்திருக்கிறது என்பதை நேராகச் சொல்லி, எது வேண்டாம் என்று கேளுங்கள். வயதானவர்கள் நாம் அஞ்சும் இடத்தில் சினம் கொள்ளாமல், நாம் எதிர்பாராத ஒரு சிறு விவரத்தை எடுத்துவிடச் சொல்வதும் உண்டு. அவர் வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுங்கள். அதனால் ஓர் அத்தியாயம் மெலிந்தாலும் மெலியட்டும். உயிரோடு இருப்பவரின் சம்மதத்தைவிட அந்த அத்தியாயம் பெரிதல்ல என்பது என் உறுதியான கருத்து. சில எழுத்தாளர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் அந்த வீட்டில் மறுநாள் காலை காப்பி போட வேண்டியவர்கள் அல்லர்.

விடுப்பு எப்போது தேவைப்படும் என்று சொல்லி முடிக்கிறேன். முதல் படி முடிந்ததும் அதை ஒரு மாதமாவது மூடி வையுங்கள். பிறகு முழு நாவலையும், ஏறத்தாழ 350 பக்கங்களை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடைவிடாமல் படிக்க வேண்டும். நாவல் வேலையில் துண்டு துண்டான நேரத்தில் செய்யவே முடியாதது இது ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த மாடு பதினெட்டாம் அத்தியாயத்தில் கறப்பதையும், ஒரு பாத்திரம் காரணமின்றிக் காணாமல் போவதையும், எந்த நாற்பது பக்கங்கள் மிகை என்பதையும் அந்த ஒரே மூச்சு வாசிப்பில்தான் பிடிக்க முடியும். அதற்குத் தொடர்ந்து எட்டுப் பத்து நாள் வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு, குறுவைக் கடன் மனுக்கள் வருவதற்கு முன், மே மாதத்தில் உங்கள் ஈட்டிய விடுப்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம், சம்பளம் போகாது. வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. அக்கா வீடோ பிறந்த வீடோ, உங்களை யாரும் அடுப்படிக்குக் கூப்பிடாத ஓர் இடத்துக்குப் போய்விடுங்கள். அந்த நாள்களுக்கு மாமியாரை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கணவரோடும் நாத்தனாரோடும் பொங்கலுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். படித்து, திருத்தி, மாமியாரிடமும் பேசிய பிறகு எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பினாலும், நூலை வெளியிட உங்களிடமே பணம் கேட்பவர்களுக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் வரை பதில் வராமல் இருப்பது இயல்பு. அதற்கு மேலும் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டிக் கடிதம் எழுதலாம்.

அன்புடன்,
பதிப்பாசிரியர்